பழைய பிக்கப்பில் செய்த பெட்டி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

வன்னியில் ஒரு பிக்கப்பின் என்ஜின் செத்தால் வண்டி முழுதும் செத்துப் போவதில்லை. கபினுக்குப் பின்னால் வெட்டி, சேசிஸின் இரண்டு சட்டங்களுக்கும் முன்னால் இரும்பு நீட்டி, மாட்டு வண்டியின் ஏர்க்கால் மாதிரி ஒரு முனையில் சேர்த்து ஒட்டிவிட்டால் அது இழுவைப் பெட்டியாகிவிடும். உழவு இயந்திரத்துக்கோ லான்ட்மாஸ்டருக்கோ (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) இன்னொரு பிக்கப்புக்கோ கொழுவி இழுக்கலாம். நெல், கச்சான், விறகு, சீமெந்து, தண்ணீர்த் தாங்கி எல்லாம் இங்கே அதில்தான் போகின்றன.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிற எங்கள் ஒட்டுக்கடைக்கு (வெல்டிங் கடைக்கு), தை மாசியில் காலபோக அறுவடை தொடங்கியதும், இந்தப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோளாறுகள் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அதேதான். பலர் “தம்பி, இதிலே ஒரு ஒட்டு வை” என்றுதான் வருவார்கள். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அளவு நாடாவும் சோக்கட்டியும் வண்டி தூக்கும் ஜக்கும் கொண்டு அரைமணி நேரம் பார்த்தால், ஒட்டவே தேவையில்லை என்று அடிக்கடி தெரிய வரும். அந்த அரைமணி நேரத்தில் நான் எதைப் பார்ப்பேனோ அதைத்தான் கீழே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

தொடங்க முன் இரண்டு காரியம். பெட்டியைக் கழற்றி வைத்துப் பார்ப்பதானால் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஏர்க்காலுக்குக் கீழே மரக்குற்றி வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே படுக்க வேண்டாம். சேசிஸுக்குக் கீழே கட்டை கொடுத்த பிறகுதான் கையையே உள்ளே விட வேண்டும்.

அதற்கும் முன் ஒரு கணக்கு

இந்தப் பெட்டிகளின் கோளாறுகளில் பெரும்பகுதி பாரத்தில் தொடங்குகிறது. ஒரு தொன் ஏற்றுகிற பிக்கப், பெட்டியானதும் இரண்டு தொன் ஏற்றுகிற வண்டியாக மாறிவிடாது. அக்சில், ஸ்பிரிங், ரயர் எல்லாம் பழையவைதான்.

பெட்டியின் உள்ளளவு நீளம் 2.3 மீற்றர், அகலம் 1.5 மீற்றர், உயரம் 40 சென்ரிமீற்றர் என்று வைப்போம். மட்டமாக நிரப்பினால் ஏறத்தாழ 1.4 கன மீற்றர். நெல்லைக் கொட்டினால் அது 800 கிலோ அளவில் வரும், தாங்கும். அதே மட்டத்துக்கு மணலைக் கொட்டினால் 2 தொன்னைத் தாண்டும். ஈர மணல் இன்னும் கூட. கண்ணுக்கு இரண்டும் ஒரே மட்டம். 50 கிலோ சீமெந்துப் பை 20 ஏற்றினால் ஒரு தொன். 1000 லீற்றர் தாங்கி நிறையத் தண்ணீர் எடுத்தாலும் ஒரு தொன், தாங்கியின் எடை வேறு.

மணல் ஏற்றுவதானால் பெட்டிக்குள் பாதிக்கும் கீழே ஒரு கோடு கீறி வைத்து, அதற்கு மேல் போகாதீர்கள்.

## பெட்டி வாலாட்டுகிறது

மெதுவாகப் போனால் சரி, வேகம் பிடித்ததும் பின்பக்கம் இரண்டு பக்கமும் வீசத் தொடங்குகிறது. பிக்கப்பில் இழுப்பவர்கள் ஏ9 வீதியில் ஏறியதும் இதைக் காண்பார்கள். கிரவல் வீதியில் வேகம் வராது என்பதால் ஊருக்குள் ஓடும்வரை தெரியாது.

வீசத் தொடங்கினால் பிறேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். அது தானாக அடங்கும்.

*பாரம் பின்னால் கூடிவிட்டதா?* முதலில் இதுதான். மூட்டைகளைப் பின்கதவுப் பக்கமிருந்து ஏற்றத் தொடங்கி, முன்னால் இடம் விட்டுவிடுகிறார்கள். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொழுவும் இடத்தில் அழுத்த வேண்டும். பெட்டியும் பாரமும் சேர்ந்து 1400 கிலோ என்றால் 140 முதல் 210 கிலோ வரை. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நெல் நிறுக்கிற மேடைத் தராசு எந்த ஊரிலும் இருக்கும். மட்டமான இடத்தில், இழுக்கும்போது இருக்கிற அதே உயரத்துக்குக் கட்டை வைத்து, ஏர்க்காலின் நுனியைத் தராசில் இறக்கிப் பாருங்கள். எண் குறைவாக இருந்தால் மூட்டைகளை முன்னுக்கு நகர்த்தி மறுபடி நிறுங்கள். நுனியைக் கையாலேயே எளிதாகத் தூக்க முடிகிறதென்றால் நிறுக்கவே தேவையில்லை, வீதிக்குப் போகக்கூடாது.

*தாங்கியில் அரைவாசித் தண்ணீரா?* நிறைந்த தாங்கி ஆடாது, வெறும் தாங்கியும் ஆடாது. பாதித் தண்ணீர் அலை அடித்துப் பெட்டியையே இழுக்கும். ஒன்றில் நிரப்புங்கள், இல்லாவிட்டால் மெதுவாகப் போங்கள்.

*ரயரில் காற்று?* இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று மானியில் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது அளவு அல்ல.

*கொழுவும் இடத்தில் தேய்வு?* கொழுவும் பின்னின் (இரும்பு ஆணியின்) துளை நீள்வட்டமாகிவிட்டதா, அந்த ஆணி நடுவில் மெலிந்துவிட்டதா என்று பாருங்கள். துளைக்குள் பின் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் புது பின்னும் புது வளையமும் போடலாம்.

*ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்ததா? ஸ்பிரிங் முனையைத் தாங்கும் ஷக்கிளின் புஷ் போய்விட்டதா?* ஒரு பெரிய நெம்புகோலைக் கொடுத்து அக்சிலைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அங்கேதான் கோளாறு.

இவ்வளவும் சரி, பாரத்தை ஒழுங்காக ஏற்றினாலும் நுனியில் எடை வரவில்லை என்றால், வெட்டும்போதே அக்சிலுக்கு முன்னால் பெட்டி போதாமல் போய்விட்டது. மலிவான வழி, மேலதிகச் சில்லையும் கருவிப் பெட்டியையும் ஏர்க்காலின்மேல் பூட்டுவது. அதுவும் போதாவிட்டால் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டிப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அக்சில் ஒரு விரல் கோணலாக அமர்ந்தால் அடுத்த அறிகுறி தொடங்கிவிடும்.

## ஒரு பக்க ரயர் மட்டும் தேய்கிறது, அல்லது பெட்டி கோணலாக ஓடுகிறது

பின்னால் வருகிறவர் “பெட்டி நண்டு மாதிரி வருகுது” என்று சொன்னால் அது இதுதான்.

ரயரைத் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி தேய்ந்தால் காற்று கூட. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு அல்லது பாரம் கூட. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால், அல்லது தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் அரம் போன்ற முரடும் தெரிந்தால், அக்சில் நேரில்லை.

நாடாவை எடுங்கள். கொழுவும் பின்னின் நடுவிலிருந்து இடப்பக்க ஸ்பிரிங் அமரும் அக்சில் மேடையின் நடு வரை ஓர் அளவு, வலப்பக்கத்துக்கு ஓர் அளவு. துணி நாடா இழுபடும். இரும்பு நாடாதான் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. 5க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

முதலில் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டைப் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்து ஓடினால், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்து அக்சில் பின்னால் நழுவும். அக்சில் மேடைக்குப் பக்கத்தில் துருப்பிடிக்காத மினுமினுப்பான கீறல் இருந்தால் அது நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புது நடு போல்ட்டும் புது யூ போல்ட்டும் போட்டால் வேலை முடிந்தது, ஒட்டு வேண்டாம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி இறுக்கம் பிடிக்காது. புதிதாகப் போட்டதையும் முதல் 50 கிலோமீற்றர் பாரத்துடன் ஓடிய பின் ஒருமுறை இறுக்குங்கள்.

நடு போல்ட் நன்றாக இருந்தும் அளவு வேறுபட்டால் ஏர்க்காலின் நுனி சேசிஸின் நடுவில் ஒட்டப்படவில்லை. இதைக் கடையில்தான் நிமிர்த்த முடியும்.

அக்சில் குழாயே வளைந்திருக்கலாம். ஜக்கில் தூக்கிச் சில்லைச் சுழற்றி, நிலத்தில் ஊன்றிய ஒரு கம்பியின் நுனியை ரிம்முக்கு அருகே வைத்துப் பாருங்கள். ரிம் கிட்டவும் எட்டவும் போய்வந்தால் வளைந்தது ரிம் அல்லது ஷாப்ட் (குழாய்க்குள் சில்லோடு சுழலும் இரும்புத் தண்டு). ரிம் நேராகச் சுழன்றும் சில்லு மேலே உள்ளே சாய்ந்து நின்றால் குழாய் வளைந்துவிட்டது. அதைச் சூடாக்கி நிமிர்த்த வேண்டாம், வேறு அக்சில் தேடுங்கள்.

இன்னொன்று, ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 195ஆர்14, 8 பிளை ரயரில் 106 என்ற எண் இருந்தால் ஒரு ரயர் 950 கிலோ தாங்கும். மலிவாகக் கிடைத்ததென்று 13 அங்குலக் கார் ரயர் போட்டால், அதில் 82 என்றிருக்கும். 475 கிலோதான் தாங்கும். இரண்டும் சேர்ந்து 950, பெட்டியின் எடையையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். பூ (நிலத்தில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய ரயரை நம்பாதீர்கள். பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெட்டி வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்பதால் ரயர் தேய முன்னமே வெடித்துக் காய்ந்துவிடும்.

## சில்லு சூடாகிறது

பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, புறங்கையை ரிம்மின் நடுவுக்கு அருகே கொண்டுபோங்கள். இளஞ்சூடு இயல்பு. தொட முடியாத சூடு, அல்லது தண்ணீர் தெளித்தால் சுர் என்ற சத்தம் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நல்ல அளவு.

ஜக்கில் தூக்கிச் சில்லைக் கையால் சுழற்றுங்கள்.

சுழல இறுக்கமாக இருந்தால் பிறேக் பிடித்திருக்கிறது. பிக்கப்பைப் பெட்டியாக்கும்போது கைப்பிறேக் கேபிளை வெட்டி, உள்ளே இருக்கிற பிறேக் சப்பாத்தை (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது) அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாரி முழுதும் ஈரத்தில் நின்று டிரம்முடன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். டிரம்மைக் கழற்றித் துருவைத் துடைத்து, அசையும் இடங்களுக்குச் சிறிது கிறீஸ் வைத்தால் போதும்; சப்பாத்தின் முகத்தில் கிறீஸ் படக்கூடாது. டிரம் வர மறுத்தால் சம்மட்டியால் அடிக்காதீர்கள். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும்.

இலகுவாகச் சுழன்றும் ‘கர்ர்’ என்று கையில் தெரிந்தால் பெயாரிங். சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். சிறிய பிக்கப்புகளின் பின் அக்சிலில் பெயாரிங்கும் அதைப் பிடிக்கும் வளையமும் ஷாப்டில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அழுத்தும் பிரஸ் மெசின் இருக்கிற கராஜுக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை இது, வீட்டில் முடியாது.

## சில்லு வெளியே நகர்ந்து வருகிறது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றிலும் அவசரமானது இது. ஒரு பக்கச் சில்லு மற்றதைவிட வெளியே நிற்கிறது, டிரம்முக்குள் ஒயில் ஈரம் தெரிகிறது என்றால், பெயாரிங்கைப் பிடிக்கும் வளையம் நழுவிவிட்டது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினால் ஷாப்டுடன் சில்லு கழன்று போகும். வளையத்தை ஷாப்டோடு ஒட்டித் தரும்படி கேட்டு வருகிறார்கள். நான் ஒட்டுவதில்லை. கடினப்படுத்திய உருக்கு ஷாப்ட் அந்தச் சூட்டில் வலுவிழந்து பின்னர் அதே இடத்தில் முறியும். புது வளையம், பிரஸ், வேறு வழியில்லை.

இதே காரணத்தால், எடையைக் குறைக்கவென்று நடுவில் இருக்கும் டிஃபரன்சியலை, அதாவது பல்சில்லுத் தொகுதியை, கழற்றி எறியாதீர்கள். பெரிய லொறிகளில் ஷாப்டை உருவினாலும் சில்லு தன் ஹப்பில் நிற்கும். சின்னப் பிக்கப்பில் ஷாப்ட்தான் சில்லைத் தாங்குகிறது, அந்த ஷாப்டின் உள்முனையைத் தாங்குவது டிஃபரன்சியலின் பல்சில்லு. அதை எடுத்துவிட்டால் ஷாப்ட் ஒற்றைப் பெயாரிங்கில் தொங்கும்.

## அக்சிலிலிருந்து ஒயில் கசிகிறது

டிஃபரன்சியலை வைத்திருந்தால் அதற்குள் ஒயிலும் இருக்க வேண்டும். “என்ஜின்தான் இல்லையே, ஒயில் எதற்கு?” என்று வடித்துவிட்ட பெட்டிகள் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று வருகின்றன. சில்லு ஓடினால் உள்ளே எல்லாப் பற்களும் ஓடும்.

முதலில் மூச்சுத் துளையைப் பாருங்கள். அக்சில் குழாயின் மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். வயல் சுரியில் இறங்கி ஏறிய பெட்டிகளில் அது சேறு பிடித்து அடைத்துப் போகும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி, போக வழியில்லாமல் ஒயிலை ரப்பர்ச் சீல் வழியே தள்ளும். சீலை மாற்றியும் மறுபடி கசிகிறது என்று வருகிறவர்களின் கோளாறு பெரும்பாலும் இந்தத் துளைதான். கழற்றி, டீசலில் கழுவி, காற்றடித்துப் பூட்டுங்கள். செலவில்லை. அடிக்கடி வாய்க்கால் தாண்டுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி, மறுமுனையைப் பெட்டியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம்.

ஒயிலின் நிறத்தையும் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் போய்விட்டது. சூடான அக்சில் குளிர்ந்த வாய்க்காலில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வடித்து, புது 90 கியர் ஒயிலை நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை விடுங்கள்.

கசிவு முன்னால், அதாவது என்ஜினின் சுழற்சியை அக்சிலுக்குக் கொண்டுவந்த பழைய புரப்பெல்லர் ஷாப்ட் பூட்டியிருந்த இடத்தில் என்றால், அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் தட்டைப் பாருங்கள். சில்லு ஒருமுறை சுற்ற அது நாலுமுறை அளவில் சுற்றும். வைக்கோலும் சாக்கு நூலும் அதில் சுருண்டு சீலைத் தின்றுவிடும். கத்தியால் வெட்டி எடுத்து, சீலை மாற்றி, ஒரு தகர மூடி அடித்து அதைச் சுற்றி மறைத்துவிடுங்கள். மூடியில்லாமல் சுற்றும் அந்தத் தட்டு, கீழே குனிகிறவரின் சாரத்தையும் பிடிக்கும்.

## ‘டக் டக்’ சத்தம்

சத்தம் வந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. ஒருவர் மெதுவாக இழுக்க, இன்னொருவர் பக்கத்தில் நடந்து கேட்க வேண்டும்.

கிடங்கில் விழும்போது மட்டும் வந்தால் ஷக்கிள் புஷ், அல்லது வெறும் பின்கதவு. கதவுக்கு ரப்பர்த் துண்டு வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. இழுக்கத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வந்தால் கொழுவும் பின். சில்லின் சுற்றுக்கேற்ப வந்தால் நிறுத்திச் சில்லு நட்டுகளைப் பாருங்கள். பெட்டிக்குப் புதுப் பெயின்ற் அடிக்கும்போது ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்திலும் அடித்துவிடுகிறார்கள். பெயின்ற் நசுங்கி நட்டு தளரும். சுரண்டி எடுத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். நட்டுத் துளை முட்டை வடிவாகிவிட்ட ரிம் இனி உதவாது.

சில்லைவிட வேகமாகத் தட்டினால், வெட்டிய புரப்பெல்லர் ஷாப்டின் மிச்சத் துண்டு இன்னும் தொங்குகிறது. கழற்றி எறியுங்கள்.

## வெறும் பெட்டி குதிக்கிறது

பாரம் ஏற்றினால் அமைதியாக ஓடும், வெறுமனே போனால் துள்ளும். ஒரு தொன்னுக்குச் செய்த ஸ்பிரிங் அப்படித்தான். வெறும் பெட்டிக்கு ரயர்க் காற்றைக் குறையுங்கள். ஏற்றும்போது மறக்காமல் கூட்டுங்கள். ஷொக் அப்சோபரைக் கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டுங்கள். விறகும் வைக்கோலும் தவிர வேறு ஏற்றமாட்டோம் என்பவர்கள் மட்டும் ஒரு தகட்டை எடுக்கலாம். ஒரு பக்கத்தில் எடுத்தால் மற்றப் பக்கத்திலும் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அந்தப் பெட்டியில் மணல் ஏற்றவே கூடாது.

## சட்டத்தில் வெடிப்பு

இங்கேதான் ஒட்டுக்கடை உண்மையில் தேவைப்படுகிறது, இங்கேதான் பிழையான ஒட்டும் அதிகம் நடக்கிறது.

வெடிப்பைத் தேட, கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, டீசல் தடவித் துடைத்துவிட்டு, மேலே சோக்கட்டியைத் தேயுங்கள். சற்று நேரத்தில் வெடிப்புக்குள் நின்ற டீசல் வெள்ளைச் சோக்கில் கறுத்த கோடாக ஊறி வரும். தேட வேண்டிய இடங்கள்: பழைய சேசிஸும் புது ஏர்க்காலும் சேரும் இடம், பெட்டியின் முன்விளிம்புக்கு நேர்க்கீழே உள்ள சட்டம், ஸ்பிரிங் தாங்கிகளின் அடி.

ஒட்டு மட்டும் வெடித்து இரும்பு நன்றாக இருந்தால், காரணம் ஒட்டுதான். மாரி காலத்தில் ஈரம் குடித்த வெல்டிங் ரொட்டால் ஒட்டினால் உள்ளே குமிழிகள் நிற்கும். பெயின்றுக்கு மேலேயும் துருவுக்கு மேலேயும் ஒட்டியதும் அப்படித்தான். பழைய ஒட்டை முழுதும் அரைத்து எடுத்து, வெறும் இரும்பு தெரிந்தபின் ஒட்ட வேண்டும்.

இரும்பே வெடித்திருந்தால், அதன் இரண்டு நுனிகளையும் கண்டுபிடித்து ஒவ்வொன்றிலும் 6 முதல் 8 மில்லிமீற்றர் துளை போடுங்கள். அது வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்தும். பிறகு வெடிப்பைச் சாய்வாக அரைத்து ஒட்டி, மேலே ஒரு தகடு. தகட்டின் முனைகள் சாய்வாக, வைர வடிவில் இருக்க வேண்டும். சதுரத் தகட்டைச் சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டினால், அந்தக் கோட்டிலேயே அடுத்த வெடிப்பு வரும். சட்டத்தின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் குறுக்காக ஒட்டு ஓட விடாதீர்கள். இழுவை முழுதும் அந்த ஓரங்களில்தான் நிற்கிறது.

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஓர் ஐயா மூன்று அறுவடைக்கு மூன்றுமுறை ஒரே இடத்தை ஒட்டக் கொண்டுவந்தார். மூன்றாவது முறை ஒட்டாமல் சட்டத்தின் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். பெயின்றுக்குக் கீழே உரிந்து நீலமும் கறுப்புமாகக் கிடந்தது. எரிந்த வண்டியின் சேசிஸ். 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் எரிந்த வாகனங்களின் இரும்பு நிறையக் கைமாறியது. நெருப்பில் கிடந்த ஸ்பிரிங் தகடு தன் வில்தன்மையை இழந்துவிடும்; பார்க்க நல்லதாக இருக்கும், பாரம் ஏற்றினால் திரும்பி எழாது. சேசிஸ் சட்டமும் வளைந்து இளகியிருக்கும். “இதை விடுங்கோ ஐயா, வேறு சட்டம் எடுப்பம்” என்றேன். அவருக்கு மனமில்லை. அந்தப் பிக்கப் அவருடைய தம்பியுடையது. கடைசியில் பின்கதவையும் இரண்டு பக்கப் பலகைகளையும் மட்டும் கழற்றிப் புதுச் சட்டத்தில் பூட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பெட்டிதான் அவர் வயலுக்கு ஓடுகிறது.

துப்பாக்கிச் சன்னம் பட்ட துளைகள் இருந்தால் அவற்றையும் வெடிப்பைப் போலவே தேடுங்கள். துளையின் கிழிந்த ஓரத்திலிருந்து கோடு ஓடும். காட்டிலோ வயலோரத்திலோ கிடக்கும் பழைய வாகன இரும்பை நீங்களாக வெட்டப் போகாதீர்கள். உள்ளேயோ அடியிலோ வெடிபொருள் இருக்கலாம் என்று நினைத்துப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

வெடிப்பு சட்டத்தின் உயரத்தில் பாதியைத் தாண்டினால், ஸ்பிரிங் தாங்கியின் அடியில் இருந்தால், அல்லது அதே இடம் இரண்டாம் முறை வெடித்தால், வீட்டு மெசினால் ஒட்ட வேண்டாம். பிக்கப்பின் எண்ணெய்த் தாங்கி இன்னும் பின்பாதியில் தொங்குகிறதென்றால் அதை முழுதாகக் கழற்றித் தூர வைத்த பின்தான் எந்த ஒட்டும். வெறும் தாங்கி என்பதால் ஆபத்து குறைவில்லை. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

## லான்ட்மாஸ்டர் பெட்டியில் பிறேக் பிடிக்கவில்லை

பெரிய உழவு இயந்திரத்துக்குத் தன் பிறேக் உண்டு. லான்ட்மாஸ்டரில் பெட்டியின் மிதிதான் பிறேக். ஆகவே பிக்கப்பின் டிரம்மும் சப்பாத்தும் கைப்பிறேக் கேபிளும் அதற்குக் கட்டாயம் வேண்டும். அவற்றை வெட்டி எறிந்த பெட்டியை லான்ட்மாஸ்டருக்குக் கொழுவக் கூடாது. குளக்கட்டிலிருந்து பாரத்துடன் இறங்கும்போதுதான் இது தெரியவரும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

மிதி ஆழமாகப் போகிறதென்றால் கேபிள் இழுபட்டிருக்கும், இறுக்கும் நட்டைத் திருகுங்கள். அதற்கு மேல் திருக இடமில்லை என்றால் டிரம்முக்குள் இருக்கும் பல் போட்ட சின்னச் சில்லைத் திருப்பிச் சப்பாத்தை வெளியே கொண்டுவாருங்கள். சில்லு லேசாக உரசும் வரை திருப்பி, பிறகு உரசல் நிற்கும் வரை பின்னுக்கு.

ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், இரண்டு கேபிள்களும் மிதியில் எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு சின்னக் குறுக்குக் கட்டையின் இரண்டு முனைகளில் பூட்டி, அதன் நடுவை மிதி இழுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும். அதுவும் சரியென்றால், சப்பாத்தில் ஒயில் பட்டிருக்கும். பெற்றோல் ஊற்றிக் கொளுத்திக் காயவைக்கும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள், அந்தச் சப்பாத்து இனிப் பிடிக்காது. ஒயில் வந்த வழியை அடைத்து, இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

## பொலிசார் வீதியில் மறிக்கிறார்கள்

பிக்கப்பின் பதிவுப் புத்தகம் பெட்டிக்குச் செல்லாது. வெட்டிய பிறகு சேசிஸ் எண்ணும் பல மாதிரிகளில் முன்பாதியோடு போய்விடுகிறது. பெட்டிக்கும் பதிவு வேண்டும். வெட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, எண் இருக்கும் பாகத்தையும் பழைய பத்திரங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

## வால் லைற் எரியவில்லை, அல்லது தாறுமாறாக எரிகிறது

சிக்னல் போட்டால் வால் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறது, பிறேக் பிடித்தால் எல்லாம் மங்குகிறது என்றால் எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி) சரியில்லை. கொழுவும் பின் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பி வயர் போடாமல் விட்டிருப்பார்கள். கிறீஸும் துருவும் நிறைந்த அந்தப் பின் ஒரு கணம் தொடும், மறு கணம் விடும். இழுக்கும் வண்டியிலிருந்து தனி எர்த் வயர் ஒன்றைக் கொண்டுவந்து சேசிஸில் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி போல்ட் போடுங்கள்.

ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வேகமாக மினுங்கினால் அந்தப் பக்கப் பல்ப் போய்விட்டது. ஒன்றுமே எரியாவிட்டால் பிளக், பிறகு பியூஸ், பிறகு வயர் சேசிஸில் உரசி உரிந்த இடம். எலி கடித்த இடத்தையும் பாருங்கள். நெல் ஏற்றிய பெட்டியில் எலி குடியிருக்கும்.

இது உங்கள் கையால் ஆகாது என்றால் மோட்டார் எலெக்ட்ரீசியனிடம் கொடுங்கள், சின்ன வேலைதான். ஆனால் லைற் சரியாகும் வரை இருட்டில் போகாதீர்கள். மார்கழி மழை இருட்டில், லைற் இல்லாமல் வீதியோரம் நின்ற பெட்டியை மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கிட்ட வரும் வரை தெரியாது. ஒளி தெறிக்கும் சிவப்பு ஒட்டியைப் பின்கதவின் இரண்டு மூலையிலும் ஒட்டுங்கள். வைக்கோல் ஏற்றும்போது அது பின்னால் தொங்கி லைற்றையும் ஒட்டியையும் சேர்த்து மூடிவிடும். அதனால் கயிற்றில் கட்டிய இன்னொரு சிவப்புத் தெறிப்பானைப் பெட்டியிலேயே வைத்திருந்து, பாரத்தின் கடைசி நுனியில், சில்லு அச்சின் உயரத்தில் தொங்க விடுங்கள்.